வெட்டப்பட்ட பதினோரு வரிகள்: தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், நேயர்களின் புகார்களை விசாரிக்கும் தன்னொழுங்கு அமைப்பினருக்கும்,

வணக்கம்.

நான் மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சென்ற ஆண்டு ஐப்பசியில், சம்பா நடவு முடிந்து மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் தெருவில் ஏறத்தாழ நாற்பது பேர் ஒரே வீட்டுக் கூடத்தில் கூடி உட்கார்ந்தோம். என்னிடம் படித்த ஒரு மாணவன் உங்களில் ஒருவருடைய நகைச்சுவைப் போட்டி நிகழ்ச்சிக்குத் தேர்வாகி, தானே எழுதிய நான்கு நிமிட நாடகத்தைச் சென்னையில் நடித்துவிட்டு வந்திருந்தான். அது அன்று ஒளிபரப்பாக இருந்தது. நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அன்று நடந்தது எந்த ஒரு நிறுவனத்துக்கும் மட்டும் உரிய பழக்கம் அன்று என்பதை இத்துறையில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் வழியாக அறிந்திருப்பதால், உங்கள் எல்லோருக்குமாகவே இம்மடலை எழுதுகிறேன்.

நாடகத்தின் கதை இது. தேர்த் திருவிழா. சுவாமி தேரில் ஏறிவிட்டார், வடமும் பூட்டியாகிவிட்டது. ஆனால் முதல் பரிவட்டம், அதாவது மரியாதைக்காகத் தலையில் கட்டும் கோயில் துணி, யாருக்கு என்பதில் விழாக் குழுவின் இரண்டு பெரியவர்களுக்குள் தகராறு. குருக்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவே தவிக்கிறார். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தடியில் படுத்துத் தூங்கிவிடுகிறார். வெயில் ஏற ஏற, தேரின் மேலிருந்து சுவாமி பேசத் தொடங்குகிறார். பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள், அந்தத் துணியை எனக்கே கட்டிவிட்டு வடத்தைப் பிடியுங்கள் என்று கெஞ்சுகிறார். யாரும் அவரைக் காதில் வாங்குவதில்லை. கடைசியில் அவர் தேரைவிட்டு இறங்கி, வடத்தின் கடைக்கோடியில், யாருக்கும் எந்த மரியாதையும் செய்யப்படாத இடத்தில் போய் நின்று தாமும் இழுக்கிறார். வடத்தை யார் தொடலாம் என்ற வழக்கு இன்னும் தீராத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்தக் கடைசிக் காட்சியின் பொருள் அதுதான் என்பதை ஒத்திகையில் பார்த்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூடப் புரிந்துகொண்டார்கள்.

ஒளிபரப்பில் சுவாமியின் வாயசைவு இருந்தது, குரல் இல்லை. அவர் பேசிய பதினோரு வரிகளும் ஒலி நீக்கப்பட்டு, அந்த இடங்களில் பார்வையாளர் சிரிப்பொலி நிரப்பப்பட்டிருந்தது. அவர் இறங்கி வடம் பிடிக்கும் காட்சி அடியோடு இல்லை. மிஞ்சியது, இரண்டு முதியவர்கள் ஒரு துணிக்காகச் சண்டை போடும் பொருளற்ற கூச்சல். கூடத்தில் இருந்தவர்களுள் எங்கள் ஊர்க் கோயில் விழாக் குழுவின் தலைவரும் ஒருவர். பரிவட்டத்தின் பொருட்டு இரண்டு முறை காவல் நிலையம் வரை போய் வந்த அனுபவம் அவருக்கு உண்டு. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: “எங்களைத்தானே தம்பி கேலி பண்ணியிருக்கான், சாமியை ஒண்ணும் சொல்லலியே. எங்களை விட்டுட்டு சாமி வாயை ஏன் அடைச்சாங்க?”

மறுநாள் என் மாணவன் நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் கேட்டான். யாராவது புகார் செய்தார்களா என்ற கேள்விக்கு இல்லை என்பது பதில். அரசிடமிருந்து ஏதாவது வந்ததா என்றதற்கும் இல்லை. பிறகு ஏன் என்றபோது, புகார் வரக்கூடும், மனம் புண்படும் என்று மேலிடத்தில் சொன்னார்கள் என்றார்களாம். எந்த மேலிடம், எந்த வரி, யாருடைய மனம் என்பவற்றுக்கு விடை கிடைக்கவில்லை. எழுத்தில் ஒரு வரி தாருங்கள் என்று கேட்டதற்கு, அப்படித் தருகிற வழக்கம் இல்லை என்றார்கள்.

அந்தக் கடைசிப் பதிலே இம்மடலை எழுதத் தூண்டியது. மதம் தொடர்பான கேலியை எங்கே நிறுத்துவது என்பதில் நல்லவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் எழுத்தில் இல்லாத, காரணம் சொல்லப்படாத, நேயருக்குத் தெரியாமலே நடக்கிற வெட்டு, விவாதத்துக்கே இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. ஓர் அரசாணையை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். நடந்ததற்குத் தடயமே இல்லாத ஒன்றை எதிர்த்து யாரிடம் போவது?

நீங்கள் அஞ்சும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-அ என்ற பிரிவு 1927இல் சேர்க்கப்பட்டது. இன்று அதே பொருளில், அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோடு நிற்கிறது. அந்தப் பிரிவின்படி, மனம் புண்பட்டது என்று ஒருவர் சொல்வது மட்டும் குற்றத்தை நிறுவாது. வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு மத உணர்வைச் சீண்டும் நோக்கம் இருக்க வேண்டும். 1957இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதே, மதத்தை அவமதிக்கும் எல்லாச் செயல்களையும் அது தண்டிக்கவில்லை, தீய நோக்கத்தோடு செய்யப்படும் கடுமையான அவமதிப்பை மட்டுமே தண்டிக்கிறது என்று வரம்பு கட்டியது. கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை, மதங்களையும் சமூகங்களையும் தாக்குவதையும், மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சிகளையும் சொற்களையும் தடுக்கிறது. பரிவட்டச் சண்டையைப் பார்த்துத் தேரிலிருந்து அலுத்துக்கொள்ளும் ஒரு கடவுள் எந்த மதத்தைத் தாக்குகிறார், யாரை இழிவுபடுத்துகிறார் என்று உங்கள் சட்ட ஆலோசகரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

இனி, இந்த மண்ணின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடவுளைப் பேச வைப்பதும், கடவுளிடம் உரிமையோடு சண்டை போடுவதும் எங்கள் பகுதிக்குச் சென்னைப் படப்பிடிப்புத் தளத்திலிருந்து வந்த பழக்கங்கள் அல்ல. கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் இறைவன் முன் நின்று, உன் அடியார் துன்பத்தில் வாடும்போது நீர் மட்டும் நன்றாக ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு இடித்துரைத்தார். வன்தொண்டர் என்று பெயர் பெற்ற அவருடைய அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது, அதே கோயிலில் இன்றும் ஓதப்படுகிறது. அதைக் கேட்டு மனம் புண்பட்டதாக எந்த ஓதுவாரும் சொன்னதில்லை. காளமேகப் புலவர் திருக்கண்ணபுரத்துப் பெருமாளிடம், உமக்குப் பிறப்பு பத்து, சிவனுக்கோ ஒன்றும் இல்லை, எனக்கு எண்ணத் தொலையாத பிறப்பு, ஆகவே உம்மைவிட நானே பெரியவன் என்று கணக்குப் போட்டதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில், பிரகலாதன் கதை தொடங்குமுன் முதலில் மேடைக்கு வருகிறவன் கோணங்கி என்னும் கோமாளி. எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் கூத்தில், பெண்டாட்டியைப் பணயம் வைத்தவனுக்குத் தருமன் என்று பெயர் வைத்தது யார் என்று கட்டியங்காரன் கேட்பான். அம்மன் சன்னதிக்கு நேர் எதிரே, காப்புக் கட்டியவர்கள் நடுவில், என் பத்து வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு வெகுநேரம் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வீடு திரும்பியது இப்போதும் நினைவில் இருக்கிறது. தீமிதியும் அந்தக் கேள்வியும் ஒரே திருவிழாவில்தான் நடந்தன.

அரசர்களும் இதற்கு விலக்கு இல்லை. தஞ்சையை 1684 முதல் ஆண்ட மராத்திய மன்னர் ஷாஹஜி தெலுங்கில் எழுதிய ‘சதீ தான சூரமு’ என்ற நகை நாடகத்தில், வேதாந்தம் பேசும் ஓர் அந்தணர் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்மேல் மோகம் கொண்டு, படித்த சாத்திரமெல்லாம் பறந்து போக அலைகிறார். அரியணையில் இருந்தவரே எழுதிய கேலி அது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் கதையைப் பாட எடுத்துக்கொண்டபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைத் தாமே படைத்துச் சேர்த்தார். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று சொல்லும் வேதியர் அவர். பாரதியாரும் அந்தணர். வாழ்ந்தது முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும், அதாவது மிராசுதார்களின் நடுவிலே. அவர்களுடைய மேடையிலேயே அவர்களைப் போன்ற ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திய கதை காவிரிக் கரை முழுவதும் பரவியது. காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால் அது அச்சேறியது. அந்த வேதியரின் வரிகளை மட்டும் ஒலி நீக்கிவிட்டு நந்தன் கதையைக் கேட்டால் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். என் மாணவனின் நாடகத்துக்கு நேர்ந்தது அதுவே.

மனம் புண்படுவது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜூலையில் கந்தர் சஷ்டி கவசத்தைக் கொச்சைப்படுத்திய யூடியூப் காணொளி ஒன்று பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. நாள்தோறும் அந்தக் கவசத்தைப் பாடும் என் மனைவி அழுதாள், எனக்கும் அது கசப்பாகவே இருந்தது. பக்தியை விமர்சிக்க நினைத்தவர்கள் ஒரு பாட்டியின் விடியற்காலைப் பாராயணத்தை எட்டி உதைத்தார்கள் என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் அவர்கள்மேல் குண்டர் சட்டம் பாய்ந்தபோது அதையும் நான் ஏற்கவில்லை. கெட்ட பேச்சுக்கு மறுபேச்சு உண்டு, கண்டனம் உண்டு, பார்க்காமல் இருக்கும் உரிமை உண்டு. விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்கக்கூடிய சட்டம் சாராயக் கடத்தலுக்கும் வன்முறைக் கும்பலுக்கும் என்று கொண்டுவரப்பட்டது.

நாகூர்க் கந்தூரிக்குச் சந்தனம் பூச வரிசையில் நிற்கும் இந்துக்களும், அங்குள்ள உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்த தஞ்சை மன்னர் பிரதாப சிம்மரும், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களும் வாழ்கிற, வாழ்ந்த பகுதி இது. இங்கே மற்றவர் நம்பிக்கையை மதிப்பது யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் அன்று. மதித்துக்கொண்டே கேலியும் செய்துகொள்கிற உறவு இது. அதனால்தான், அந்த மதத்தைத் தொட முடியுமா, இந்த மதத்தை மட்டும் தொடுகிறார்களே என்ற பேச்சு எங்கள் தேநீர்க் கடைகளிலும் நுழைந்துவிட்டதைக் கண்டு வருந்துகிறேன். மிரட்டலும் தடையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன. 2013இல் ‘விஸ்வரூபம்’ திரைப்படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டு நிறுத்தியபோது எதிர்ப்பு முஸ்லிம் அமைப்புகளிடமிருந்து வந்தது. 2015இல் எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் மன்னிப்பு எழுதித் தர வைத்தபோது அது வேறு தரப்பிலிருந்து வந்தது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே, மனம் புண்பட்டது.

தொலைக்காட்சியிலேயே நடந்தவற்றைச் சொல்கிறேன். இந்தி நகைச்சுவை நடிகர் கிக்கு சாரதா, தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமைப் போல வேடமிட்டு நடித்ததற்காக 2016 ஜனவரியில் ஹரியானா போலீசாரால் 295-அ பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டார். பக்தர்களின் மனம் புண்பட்டதாம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே குர்மீத், தம் பெண் பக்தர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்காக இருபது ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். புண்பட்ட மனங்களின் பெயரால் அன்று காக்கப்பட்டது எது என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சாமியாரைக் கேலி செய்யும் ஒரு நாடகம், புகார் சொல்ல அஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குத் துணிவு தரக்கூடும். எங்கள் பகுதியில் அருள்வாக்குச் சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை, அவர்களிடம் ஏமாந்தவர்களுக்கும் குறைவில்லை.

இன்னொன்று அமெரிக்காவில் நடந்தது. ‘சவுத் பார்க்’ என்ற நையாண்டிக் கார்ட்டூன் தொடர் 1997 முதல் அங்கே ஒளிபரப்பாகி வருகிறது. எந்த மதத்தையும் விட்டுவைக்காத தொடர் அது. 2010 ஏப்ரலில் நபிகள் பற்றிய அதன் பகுதி ஒன்றையொட்டி இணையத்தில் மிரட்டல் வந்தது. நபியின் உருவத்தைக் காட்டுவது முஸ்லிம்களுக்கு எத்தகைய வேதனை என்பதை நாகூருக்குப் பக்கத்தில் வாழும் நான் அறிவேன், அப்படிக் காட்டுவதை நான் விரும்புபவனும் அல்லன். ஆனால் அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் பெயர் வரும் இடங்களில் மட்டும் ‘பீப்’ ஒலியைப் போட்டுவிட்டு நிற்கவில்லை. நிகழ்ச்சியின் முடிவில் ஒரு சிறுவன் அச்சத்தையும் அச்சுறுத்தலையும் பற்றிப் பேசும் பேச்சு இருந்தது. நபியின் பெயர் அதில் இல்லவே இல்லை என்று அதைப் படைத்தவர்கள் சொன்னார்கள். அதுவும் முழுவதும் ‘பீப்’ ஒலியால் மூடப்பட்டது. அஞ்சாதே என்ற பேச்சையே அஞ்சி வெட்டினார்கள். மிரட்டல் எழுதியவருக்கு அந்த நாட்டு நீதிமன்றம் 25 ஆண்டு சிறை விதித்தது. அதன்பின்னும் அந்த நிறுவனம் மூடிய குரலைத் திருப்பித் தரவில்லை.

நீங்கள் சிக்கலைத் தவிர்க்க விரும்புகிறீர்கள் என்பதை உணர்கிறேன். 2022 பொங்கலின்போது ஒளிபரப்பான சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் குழந்தைகள் நடித்த அரசியல் நையாண்டிக்கே மத்திய அமைச்சகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதை நாடே பார்த்தது. விளம்பரதாரர் விலகுவார், அலுவலக வாசலில் கூட்டம் கூடும், யாராவது நீதிமன்றம் போவார்கள் என்ற கவலைகள் உண்மையானவை. ஆனாலும் அதே நிகழ்ச்சியில், அதே இரவில், என் மாணவனின் நாடகத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் ஒளிபரப்பியவற்றையும் நாங்கள் பார்த்தோம். ஆண் ஒருவர் சேலை கட்டி வந்தார், அவரைத் திருநங்கை என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் பருமனை வைத்து ஆறு நிமிடம் ஓட்டினார்கள். கறுத்த நிறமுள்ள இளைஞனை விளக்கணைத்தால் தெரியமாட்டாய் என்றார்கள். அங்கே எந்த ஒலியும் நீக்கப்படவில்லை. கூடத்தில் இருந்த நாற்பது பேரில் கறுத்த நிறமுள்ள குழந்தைகள் பாதிக்கு மேல். அவர்களுக்காக யாரும் வாசலில் கூட்டம் கூட்டமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வெட்டு, புண்படுகிறவர் யார் என்று பார்த்து நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் சேர்க்கக் கூடியவர் யார் என்றே அது பார்க்கிறது.

இதற்கு முந்தைய தலைமுறைகள் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் வைத்து 1954இல் சென்னை மாநில அரசு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்துப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி அனுமதி பெற வேண்டிய நிலை வந்தது. ஆட்சிகள் மாறின, பகுத்தறிவு பேசியவர்களும் ஆட்சிக்கு வந்தார்கள், சட்டம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. நாடகக் கலைஞர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அறுபது ஆண்டுக்கு ஓராண்டு குறைவு. கொடிய சட்டம்தான், ஆனால் எதிர்த்து வழக்குப் போட அது ஏட்டில் இருந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 1989இல் அதை மீட்டுக்கொடுத்து, ஆர்ப்பாட்ட மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை நசுக்க முடியாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெருமாள்முருகனுக்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுதும் வாழ்வைத் திருப்பித் தந்தது. இவை எல்லாம் எப்படி நடந்தன? ஆணையோ, ரத்தோ, கையெழுத்து வாங்கிய தாளோ, ஏதோ ஒன்று எழுத்தில் இருந்ததால் நடந்தன. தொலைபேசியில் சொல்லி, எடிட்டிங் அறையில் முடிந்துபோகும் வெட்டுக்கு எந்த நீதிமன்றத்திலும் எண் கிடைக்காது.

2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஒரு நிகழ்ச்சியால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் நேயருக்கு மூன்று படிகளைத் தந்திருக்கின்றன. முதலில் உங்களிடம் புகார் செய்யலாம், பதினைந்து நாளில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும், அதிலும் நிறைவில்லையென்றால் தன்னொழுங்கு அமைப்பு, அதற்கும் மேலே மத்திய அரசு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் படைப்பு வெட்டுப்பட்டவருக்கு அதில் ஒரு படிகூட இல்லை. திரைப்படத்துக்காவது தணிக்கை வாரியம் எந்த இடத்தை வெட்டச் சொன்னது என்று பட்டியல் தருகிறது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக வழி இருக்கிறது. உங்கள் மேடைக்கு வருகிற கிராமத்துப் பையனுக்கு, தான் எழுதியது எங்கே போயிற்று என்று கேட்கவும் ஒரு முகவரி கிடையாது.

ஆகவே நான் கேட்பது சிறிது. எழுத்தில் புகார் வராத எதையும் வரக்கூடும் என்ற ஊகத்தில் வெட்டாதீர்கள். வெட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்தால், எந்த வரி, எந்த விதியின்படி, யாருடைய முடிவு என்பதை எழுதியவருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒளிபரப்புக்கு முன்பே கொடுங்கள். ஒலி நீக்கிய இடத்தில் பொய்ச் சிரிப்பை நிரப்பாமல், இங்கே ஒரு பகுதி நீக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரியைத் திரையில் காட்டுங்கள். தன்னொழுங்கு அமைப்பினர், நேயரின் புகாரைக் கேட்பது போலவே படைத்தவரின் முறையீட்டையும் கேட்க ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, உங்கள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

என் மாணவன் அடுத்த நாடகம் எழுதவில்லை. சாமி, சாதி, கோயில், பள்ளிவாசல், மாதா எதுவும் வராமல் எங்கள் ஊரைப் பற்றி எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டான். முப்பத்து நான்கு ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அவனுடைய கையெழுத்துப் பிரதியின் நகலை, அவன் சம்மதத்தோடு, இம்மடலுடன் இணைத்து உங்கள் ஒவ்வொருவருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் ஐந்து பக்கம். நீக்கப்பட்ட பதினோரு வரிகளின் அடியிலும் பென்சிலால் கோடிட்டு, இடப்பக்க ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நேராக, அது எந்த விதியை மீறுகிறது என்று எழுதி, தன்முகவரியிட்டு அஞ்சல் தலை ஒட்டி உள்ளே வைத்திருக்கும் உறையில் திருப்பி அனுப்புங்கள். அவனுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
மயிலாடுதுறை மாவட்டம்.